முதல் பேஸ் குதிப்புக்குப் பழைய செட் வாங்கலாமா? சேலத்திலிருந்து ஒரு கேள்வி

அஸ்தம்பட்டி அருண்

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் சேலம், வேலை துபாயில். விமானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங்கில் அமெரிக்க பாராசூட் சங்கத்தின் சி லைசென்ஸ் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு ஐடஹோ மாநிலத்தில், ட்வின் ஃபால்ஸ் ஊரின் பெரைன் பாலத்தில் பேஸ் குதிப்புக்கான (விமானம் இல்லாமல் பாலம், பாறை போன்ற நிலையான இடத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) முதல் வகுப்பில் சேர முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது விடுமுறையில் ஊரில் இருக்கிறேன். சேலத்துக்காரர் ஒருவர், வெளிநாட்டில் சில ஆண்டுகள் குதித்தவர், தம்முடைய பேஸ் செட்டை விற்கிறார். ஹார்னஸ் (உடலில் கட்டும் பட்டைகள்), கன்டெய்னர் (குடையை மடித்து வைக்கும் முதுகுப்பை), 220 சதுர அடிக் குடை (பாராசூட்), இரண்டு பைலட் சூட் (காற்றைப் பிடித்துப் பெரிய குடையை வெளியே இழுக்கும் சின்னக் குடை). புதிய செட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான் 78 கிலோ, உயரம் 5 அடி 9 அங்குலம். அவர் 58 கிலோ, என்னைவிட ஒரு சாண் குள்ளம். வானத்தில் நான் பறப்பது 190 சதுர அடிக் குடையில் என்பதால் 220 எனக்குத் தாராளம் என்கிறார். ஹார்னஸ் பட்டைகளை நீட்டிக்கொள்ளலாமாம்.

வாங்கலாமா? வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூரமங்கலம் ராஜு

அருண், இந்த விலைக்கு இன்னொரு முறை கிடைக்காது. நீங்கள் 190இல் பறப்பவர். 220 அதைவிடப் பெரியதுதானே? நம் ஊரில் பேஸ் செட் கண்ணில் படுவதே அபூர்வம். பேசி முடித்துவிடுங்கள். வகுப்புக்கு அமெரிக்கா வரை போவதற்கு முன்னால் இங்கேயே ஏற்காட்டு மலையில் ஒரு முறை குதித்துப் பார்த்துவிடலாம். பகோடா பாயிண்ட் இருக்கிறது, கிள்ளியூர் அருவி இருக்கிறது.

கோரிமேடு மலர்

அருண் தம்பி, பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள்.

உங்கள் உடல் 78 கிலோ. செட், ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம் எல்லாம் சேர்த்து 11 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 89 கிலோ, அதாவது 196 பவுண்டு. பேஸில் புதிதாகக் குதிப்பவருக்குச் சதுர அடிக்கு 0.7 பவுண்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 196ஐ 0.7ஆல் வகுத்தால் 280 சதுர அடி. அந்த 220இல் நீங்கள் தொங்கினால் பாரம் சதுர அடிக்கு 0.89 ஆகிவிடுகிறது. விற்பவருக்கும் இதே கணக்கைப் போடுங்கள்: 58உடன் 11ஐக் கூட்டினால் 69 கிலோ, 152 பவுண்டு, 220இல் அவருக்கு 0.69. அவர் தமக்குச் சரியான அளவைத்தான் வாங்கியிருக்கிறார். உங்களுக்கு அது இரண்டு அளவு சின்னது.

ராஜு அவர்கள் 190ஐயும் 220ஐயும் ஒப்பிடுகிறார். ஸ்கைடைவிங்கில் சி லைசென்ஸ்காரர் 2,500 அடிக்குக் கீழே குடையைத் திறக்கக் கூடாது என்பது விதி. அந்த உயரத்தில் குடை எந்தத் திசையைப் பார்த்துத் திறந்தாலும் கவலையில்லை; மூச்சு வாங்கிக்கொண்டு, சுற்றிப் பார்த்து, இறங்குமிடம் தேட நேரம் உண்டு. பெரைன் பாலம் ஸ்னேக் ஆற்றுக்கு மேலே 486 அடி. மொத்த உயரமே அவ்வளவுதான். குடை விரிந்த பிறகு தரையைத் தொட அரை நிமிடம்கூட இருக்காது. சின்னக் குடை வேகமாக முன்னே ஓடும், வேகமாகக் கீழே இறங்கும். பாலமாக இருப்பதால் குடை பின்பக்கம் திரும்பித் திறந்தாலும் அடியில் வெற்றிடம்தான், பிழைத்துவிடுவீர்கள். நாளைக்கு ஒரு பாறை முகட்டுக்குப் போகிறீர்கள், குடை பாறையைப் பார்த்துத் திறக்கிறது என்றால், ரைசரை (தோளையும் குடைக் கயிறுகளையும் இணைக்கும் பட்டை) பிடித்து இழுத்துத் திருப்ப உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குடையின் வேகத்தைப் பொறுத்தது. பெரிய குடை அந்த நேரத்தைக் கொடுக்கும். பேஸ் குடைகள் ஏழு அறைகளோடு, தடித்து, மெதுவாகப் போகும்படி வடிவமைக்கப்படுவதற்குக் காரணமே இதுதான்.

பெரியது நல்லது என்பதற்காக 320 வாங்கிவிடாதீர்கள். காற்று சற்று எழுந்தாலும் முன்னே போக முடியாமல் பின்னுக்குத் தள்ளப்படுவீர்கள். உங்கள் எடைக்கு 265 முதல் 290 வரை என்று தேடுங்கள். 280ஐ ஒட்டி இருந்தால் நிறைவு.

பயிற்சிக்கு முன்னால் ஏற்காட்டில் குதிப்பது என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். அங்கே குடியிருப்பவர் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். ஜோசப் ஐயா இதைப் படித்தால் எழுதட்டும்.

மேட்டூர் வெங்கட்

நான் பாராகிளைடிங் செய்பவன். ஒரு சந்தேகம். எங்கள் ஹார்னஸில் அவசரத்துக்கு ரிசர்வ் குடை இருக்கிறது. ஸ்கைடைவிங்கிலும் இரண்டு குடை. பேஸ் செட்டில் ஒன்றுதான் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் அருண் தம்முடைய ஸ்கைடைவிங் செட்டையே கொண்டுபோகலாமே, இரண்டு குடை பாதுகாப்புதானே?

கோரிமேடு மலர்

உண்மைதான் வெங்கட். ஒரே குடை. முதற்குடை சரியாக விரியவில்லை என்று கண்டு, அதை வெட்டிவிட்டு, இரண்டாவதைத் திறந்து முடிக்க அந்த உயரத்தில் நேரம் இல்லை.

1978இல் பேஸ் முன்னோடி கார்ல் போனிஷ் படம்பிடிக்க, அவருடைய நண்பர்கள் கலிஃபோர்னியாவின் எல் காபிட்டன் பாறையிலிருந்து குதித்தபோது ஸ்கைடைவிங் சாதனங்களைத்தான் கட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பாறை ஏறத்தாழ 3,000 அடி. உயரம் தாங்கியது. உயரம் குறையக் குறைய அந்தச் சாதனம் ஒத்துவராது. ஸ்கைடைவிங் குடை ஒரு உறைப்பையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும்; வேகமாக விழும் உடலை மெதுவாக நிறுத்தும்படி, ஆற அமர விரியும். பேஸில் உறைப்பை கிடையாது. தாழ்ந்த இடங்களில் ஸ்லைடரைக்கூட (கயிறுகளில் சறுக்கி இறங்கி, குடை விரிவதை மெதுவாக்கும் துணி) கழற்றிவிடுவோம் அல்லது கீழே இறக்கிக் கட்டிவிடுவோம், குடை உடனே விரிய வேண்டும் என்பதற்காக. விழும் வேகம் குறைவாக இருக்கும்போது குடையை வெளியே இழுக்கப் பெரிய பைலட் சூட் வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலைக்குச் செய்தவை.

இன்னொரு செய்தியும் அருணுக்கு முக்கியம். ஸ்கைடைவிங் ஹார்னஸுக்கும் ரிசர்வுக்கும் அமெரிக்காவில் டி.எஸ்.ஓ. சி23 என்ற அரசு அங்கீகாரம் உண்டு. 180 நாளுக்கு ஒரு முறை உரிமம் பெற்ற ரிக்கர் (பாராசூட் மடித்துப் பழுது பார்ப்பவர்) ரிசர்வைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்தாக வேண்டும். அந்தச் சாக்கில் முழுச் செட்டும் அவர் கண்ணில் படும். பேஸ் செட்டுக்கு அங்கீகார முத்திரையும் இல்லை, கட்டாயச் சோதனையும் இல்லை. உரிமையாளர் பார்த்தால் உண்டு. பார்க்காவிட்டால் பத்தாண்டு யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

நாகலூர் ஜோசப்

மலர் கூப்பிட்டதால் எழுதுகிறேன். நான் குதிப்பவன் அல்ல. மலையில் பிறந்து காப்பித் தோட்டத்தில் வேலை பார்ப்பவன். வழி தவறியவர்களைத் தேடிப் பலமுறை சரிவுகளில் இறங்கியிருக்கிறேன்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 5,326 அடி என்று பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சிலர் அவ்வளவும் செங்குத்துப் பள்ளம் என்று நினைக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து இருக்கும் உயரம் குதிப்பவருக்கு எந்த வகையிலும் உதவாது. காலடியில் எவ்வளவு தூரம் தடையில்லாமல் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

பகோடா பாயிண்ட் விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் கிராமமும் வயலும் பொம்மை போலத் தெரியும். ஆனால் அந்தச் சரிவு நேராக இறங்கவில்லை. படி படியாகப் பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, இடுக்கில் மரம் நிற்கிறது, அதற்குக் கீழே உண்ணிச்செடிப் புதர். விளிம்பிலிருந்து உருளும் கல் இரண்டு இடத்தில் பாறையில் மோதும் சத்தம் கேட்கும், பிறகு புதருக்குள் போய்விடும். தடையில்லாமல் விழும் கல் மூன்று நொடியில் 44 மீட்டர், நான்கு நொடியில் 78 மீட்டர் இறங்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இங்கே அந்தக் கல் முதல் மோதலுக்கு முன் மூன்று நொடிகூட எடுப்பதில்லை. லேடீஸ் சீட்டுக்குக் கீழே காடும் மலைப்பாதையும். கிள்ளியூர் அருவி சுமார் 300 அடி என்றாலும் அடியில் பாறையும் குட்டையும் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன; குடையோடு கால் வைக்க இடமில்லை.

சரிவுகள் பெரும்பாலும் வனத்துறைக்கு உட்பட்டவை. அனுமதியில்லாமல் அங்கே போவதே குற்றம். அதைவிடப் பெரிய விஷயம், அங்கே ஒருவர் கால் உடைந்து கிடந்தால் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வரப் பாதி நாள் ஆகும். பிறகு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போக வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் மெதுவாகத்தான். தூக்கி வருபவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அவர்களையும் நினைத்துப் பேசுங்கள்.

சூரமங்கலம் ராஜு

ஜோசப் ஐயா, நேரில் இறங்கிப் பார்த்தவர் சொல்கிறீர்கள். ஏற்காட்டுப் பேச்சை விட்டுவிடுகிறேன். செட் விஷயத்தில் மட்டும் ஒரு கேள்வி. அளவு சின்னதென்றால், குடையை விற்றுவிட்டு ஹார்னஸையும் கன்டெய்னரையும் மட்டும் வைத்துக்கொண்டு வேறு 280 குடை போடலாமே? பாதிப் பணமாவது மிஞ்சும்.

அஸ்தம்பட்டி அருண்

நேற்று மாலை விற்பவர் வீட்டுக்குப் போய் முழுச் செட்டையும் பார்த்தேன். மொட்டை மாடி அறையில், பரணில் வைத்திருந்தார். குடை சுருக்கமாக இருந்தாலும் கிழிசல் இல்லை. நடுப்பகுதியில் பழுப்பாக ஒரு கறை. ஆற்றில் ஒரு முறை இறங்கியதாகச் சொன்னார். இடது தொடைப் பட்டையில் பக்கிளுக்கு அருகே தையல் நூல் வேறு நிறம். மற்ற இடமெல்லாம் கறுப்பு. அங்கே மட்டும் கரும்பழுப்பு, சற்றுத் தடிமன். கேட்டதற்கு, பட்டை பிரிந்திருந்தது, பை தைக்கும் ஒரு கடையில் கொடுத்து இரட்டைத் தையல் போட்டேன், முன்பைவிட உறுதி என்றார். படங்களை இணைத்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைத் தையல்காரர்

பாராசூட் எனக்குத் தெரியாது. தையல் தெரியும். லாரித் தார்ப்பாயும் சரக்குக் கட்டும் பட்டையும் தைக்கும் பட்டறை நடத்துகிறேன். அந்த மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அங்கே இரண்டு கோளாறு தெரிகிறது. பழைய தையலின் துளைகள் மேலேயே புதிய ஊசி இறங்கவில்லை. பக்கத்தில் புதிதாகத் துளை போட்டிருக்கிறார்கள். பட்டைக்கு வலு அதில் நெடுக ஓடும் இழைகளில்தான். தடித்த ஊசி நெருக்கமாக இறங்கினால் இழைகள் அறுபடும். இரட்டைத் தையல் போட்டால் இரட்டிப்பு உறுதி என்பது பைக்குச் சரி. பாரம் தாங்கும் பட்டைக்கு நெருங்கிய துளை வரிசை கிழிகோடு போட்டுக் கொடுத்த மாதிரி. அடுத்தது, தையலின் முனை. முன்பின் தைத்து முடிக்காமல், நூலை வெட்டி நெருப்பு காட்டி விட்டிருக்கிறார்கள்.

நூலின் பிசிர் ஒன்றைக் கத்தரித்து நெருப்பில் காட்டுங்கள். நைலான் உருகிச் சின்ன மணியாகக் கெட்டிப்படும். பருத்தி என்றால் காகிதம் எரிவதுபோல எரிந்து சாம்பலாகும். நைலான் பட்டையைப் பருத்தி நூலால் தைத்தால், பட்டை நீளும்போது நூல் நீளாது. முழுப் பாரமும் நூலில் விழும். எங்கள் பட்டறைக்கே யாராவது இப்படி ஒரு பட்டையைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். கூலி எவ்வளவு கொடுத்தாலும் மனிதன் தொங்கும் பட்டையில் நாங்கள் கை வைப்பதில்லை.

கோரிமேடு மலர்

தையல்காரர் ஐயாவுக்கு நன்றி. ஹார்னஸ் மூட்டுகளுக்கென்று தனித் தையல் முறையும், ஃபைவ் கார்டு என்ற தடித்த நைலான் நூலும், அதற்கேற்ற கனரக இயந்திரமும் உண்டு. தயாரிப்பாளரோ அந்த வேலை தெரிந்த ரிக்கரோதான் தொட வேண்டும். வேறு யாரோ தைத்த ஹார்னஸைத் தயாரிப்பாளர் பிரித்துச் சரிசெய்து கொடுத்தால் ஒழிய நான் போட மாட்டேன். ராஜுவின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது.

மீதிப் பதில் கன்டெய்னரின் கொள்ளளவு. ஒவ்வொரு கன்டெய்னரும் குறிப்பிட்ட அளவுக் குடைக்காகத் தைக்கப்படுகிறது. 220க்குத் தைத்ததில் 280ஐத் திணித்தால் மடிப்பு புடைக்கும், மூடுவதற்கு முழங்காலை ஊன்றி இழுக்க வேண்டியிருக்கும், மூடும் வளையம் இறுகி, அதில் செருகிய ஊசியைக் கவ்விக்கொள்ளும். பைலட் சூட் காற்றைப் பிடித்தும் ஊசி வெளியே வராத நிலை வரலாம். தாழ்ந்த இடத்தில் அப்படி ஒரு நொடி தாமதமே போதும். மாறாக, பெரிய கன்டெய்னரில் சின்னக் குடை வைத்தால் உள்ளே சரிந்து நகரும், ஊசி தளர்ந்து, நினைக்காத நேரத்தில் திறந்துகொள்ளும். எனவே குடையும் கன்டெய்னரும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று கேட்காமல் தனித்தனியாக வாங்கவே கூடாது.

இப்போது ஹார்னஸ் அளவு. பட்டைகளை நீட்டலாம் என்று விற்பவர் சொன்னது தொடைப் பட்டைக்கும் மார்புப் பட்டைக்கும் பொருந்தும். தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் முதன்மைப் பட்டை பல ஹார்னஸ்களில் தைத்த நீளம்தான்; அதை நீட்ட முடியாது. உங்களைவிட ஒரு சாண் குள்ளமானவருக்குத் தைத்தது உங்கள் தோளை அழுத்தி முன்னால் கூன வைக்கும். நெட்டையானவருடையது என்றால் இன்னும் மோசம்: குடை திறந்ததும் ஹார்னஸ் மேலே ஏறி, ரைசர்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். குடை பாறையைப் பார்த்துத் திறந்த நேரத்தில் கையை நீட்டித் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கண்ணாடி முன் நின்று பார்த்தால் இது தெரியாது. தொங்கிப் பார்க்க வேண்டும். பழைய வீடு என்றால் ஊஞ்சல் மாட்டும் உத்தரம் இருக்கும். அதன் வலுவை முதலில் உறுதி செய்துகொண்டு, ரைசர்களைக் கொக்கிகளில் மாட்டி, கால் தரையிலிருந்து ஒரு சாண் எழும்படி தொங்குங்கள். கீழே மெத்தை போடுங்கள், பக்கத்தில் இருவர் நிற்கட்டும். நீங்கள் பார்த்த ஹார்னஸில் அந்தத் தையல் இருப்பதால் அதில் தொங்க வேண்டாம். இனி எதைப் பார்க்கப் போனாலும் இதைச் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினால் பின் ரைசரும் டாகிளும் (பிரேக் கயிற்றின் கைப்பிடி) முழங்கை மடங்கிய நிலையிலேயே கையில் சிக்க வேண்டும். இரண்டு தொடைப் பட்டையிலும் பாரம் சமமாக விழ வேண்டும். மார்புப் பட்டை தாடையை நோக்கி ஏறினால் அந்த ஹார்னஸ் உங்களுக்கு இல்லை.

மேட்டூர் வெங்கட்

குடைத் துணியை எப்படிச் சோதிப்பது? எங்கள் பாராகிளைடருக்குக் காற்று ஊடுருவலை அளக்கும் கருவி உண்டு. அந்தப் பழுப்புக் கறை எனக்கு நெருடலாக இருக்கிறது. பரணில் வைத்திருந்தார் என்பதும்.

கோரிமேடு மலர்

கருவி கிடைத்தால் நல்லது. ரிக்கரிடம் கொடுத்தால் அளந்து சொல்வார். வீட்டிலேயே தோராயமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. குடையின் மேல்துணியில் நடு அறைக்கு அருகே ஒரு இடத்தை உதட்டில் வைத்து அழுத்தி மூச்சை உள்ளே இழுங்கள். பிறகு அதே குடையில் ஓரத்தில் தொங்கும் பக்கத்துணியில் இழுத்துப் பாருங்கள். அந்த இடம் அதிகம் தேய்வதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாகத் தெரிந்தால், நடுவில் துணி களைத்துவிட்டது என்று பொருள். எஃப்-111 வகை நைலான் புதிதாக இருக்கும்போது காற்றை மிகக் கொஞ்சமே விடும்; மடிக்க மடிக்க, மண்ணில் புரளப் புரள, அது கூடும். காற்று ஒழுகும் குடை மெதுவாக விரியும், இறங்கும்போது பிரேக்கின் கடைசி இழுவைக்கு எழும்பாமல் கால்களை அடித்து உட்கார வைக்கும்.

வெங்கட் சொன்ன கறையும் பரணும் முக்கியம்தான். நன்னீரில் நனைந்து, நிழலில் காய்ந்தது என்றால் பெரிய கேடு இல்லை. கடல் நீர் என்றால் உப்புப் படிகங்கள் இழைகளை அறுக்கும், இரும்பு வளையங்களையும் தின்னும். பேட்டரி அமிலம் பட்ட இடம் பார்ப்பதற்கு வெறும் கறையாகவே இருந்து, விரலால் இழுத்தால் பொடியாகும். நைலானுக்கு வெயிலின் புறஊதாக் கதிர் ஆகாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டை மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பரணில் எலியும் இருக்கும், பெயின்ட் டப்பாவும் இருக்கும், இன்வெர்ட்டர் பேட்டரியும் இருக்கும். செட்டை எங்கே வைத்திருந்தார், அதற்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று நேராகக் கேளுங்கள்.

குடையின் நடுவில் பிரைடில் (பைலட் சூட்டையும் குடையையும் இணைக்கும் நாடா) சேரும் இடத்தை விரித்துப் பார்க்கவும். குடையை வெளியே இழுக்கும் விசை முழுவதும் அந்த ஒரு புள்ளியில்தான் விழுகிறது. தையல் நெகிழ்ந்திருந்தாலோ சுற்றுத்துணி இழுபட்டுக் கோணியிருந்தாலோ மேற்கொண்டு பார்க்க வேண்டாம். பிறகு கயிறுகள். இடப்பக்க இணைப்பையும் வலப்பக்க இணைப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் ஒருவர் குடையின் இரு பக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து இழுக்கட்டும். ஒத்த கயிறுகள் ஒரே நீளத்தில் வர வேண்டும். ஸ்லைடரை மேலே வைத்து அதிகம் குதித்த குடைகளில், அது உரசி இறங்கும் சூட்டால் ஸ்பெக்ட்ரா என்ற செயற்கை இழைக் கயிறு சுருங்கியிருக்கும். வெளிப்பக்கக் கயிறும் பிரேக் கயிறும் முதலில் சுருங்கும். கயிறு மாற்றினால் சரியாகிவிடும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று பிரேக் அமைப்பு. பேஸ் குடையில் ஆழ்ந்த பிரேக் வைத்து மடிப்போம், திறந்த கணத்தில் முன்னே பாயாமல் நிற்பதற்காக. அந்த ஆழத்தைச் சொந்தக்காரர் தம் எடைக்கு ஏற்றபடி சோதித்துக் கயிற்றில் குறித்திருப்பார். 58 கிலோ மனிதர் வைத்த குறி 78 கிலோவுக்குப் பொருந்தாது. எந்தப் பழைய குடை வாங்கினாலும் வகுப்பு ஆசிரியரோடு உட்கார்ந்து அதைப் புதிதாகக் கண்டறிய வேண்டும். டெயில் கேட் (திறக்கும்போது பிரேக் கயிறுகளைக் குடையின் பின்னோரத்தில் சேர்த்துப் பிடிக்கும் அமைப்பு) இருக்கிறதா, பிரேக் கயிறு குடைக்கு மேலே சிக்கிக்கொண்டால் அதை முழுவதும் விடுவிக்கும்படி டாகிள் அமைந்திருக்கிறதா, அடித்துணியில் காற்று நுழையும் திறப்புகள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். தாழ்ந்த குதிப்புக்கு இவை மூன்றும் இருக்க வேண்டும். மிகப் பழைய குடைகளில் இருக்காது.

அஸ்தம்பட்டி அருண்

மலர் அக்கா, தையல்காரர் ஐயா, ஜோசப் ஐயா, வெங்கட் அனைவருக்கும் நன்றி. விற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தொடைப் பட்டையைத் தயாரிப்பாளருக்கு அனுப்பாமல் வேறு யாருக்கும் விற்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். முதலில் கோபப்பட்டார். தையல்காரர் எழுதியதைப் படித்துக் காட்டியதும், தாமே பிசிரைக் கத்தரித்துத் தீக்குச்சியில் காட்டினார். எரிந்து சாம்பலானது. பட்டையை வெட்டித் தனியே எடுத்து வைத்துவிட்டார்.

துபாயில் உடன் குதிக்கும் ஒருவர் மூலம் வேறொரு செட்டின் விவரம் வந்திருக்கிறது. 285 சதுர அடிக் குடை, ஊசியால் மூடும் கன்டெய்னர், உரிமையாளர் என் உயரம். 38 அங்குலம், 32 அங்குலம் என இரண்டு பைலட் சூட். கூடவே ஹெல்மெட், மலையேற்ற பூட்ஸ் எல்லாம் சேர்த்தே தருகிறாராம். என்ன கேட்க வேண்டும்?

கோரிமேடு மலர்

285இல் உங்களுக்கு 0.69 வருகிறது. அளவு சரி. அவர் பெரும்பாலும் உயரமான பாறைகளில் நீண்ட நேரம் விழுந்து திறந்தவர் என்பது அந்தப் பைலட் சூட்டுகளிலேயே தெரிகிறது. 38 அங்குலம் நான்கைந்து நொடி விழுந்த பிறகு திறப்பதற்கு. 32 முழு வேகத்தை எட்டியவர்களுக்கு. பாலத்தில் முதல் குதிப்பில் உதவியாளர் பைலட் சூட்டைக் கையில் பிடித்திருக்க, நீங்கள் கிளம்பிய உடனே குடை விரியும்; அல்லது கையில் வைத்துக்கொண்டு உடனே வீசுவீர்கள். அதற்கு 46 அங்குலம் வேண்டும், இரண்டு மூன்று நொடி தாமதத்துக்கு 42. இவை இரண்டையும் புதிதாக வாங்குங்கள். செட்டிலேயே விலை குறைந்த பொருள் பைலட் சூட். விரைவில் தேய்வதும் அதுதான். பழையதை வாங்கிச் சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் அது இல்லை. அவர் உயரமான இடங்களில் ஸ்லைடரோடு குதித்தவர் என்பதால் கயிறு சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கயிறு அளவுகளைத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

பைலட் சூட் வைக்கும் பையின் மீள்துணி தளர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தளர்ந்திருந்தால் விளிம்பில் நிற்கும்போதே அது தானாக நழுவும். மூடும் வளையம், ஊசி, உலோகக் கண்ணிகளின் விளிம்பு ஆகியவற்றின் அண்மைப் படங்கள் கேளுங்கள். கண்ணி விளிம்பு கூர்மையாகத் தேய்ந்திருந்தால் வளையத்தை அறுக்கும்.

ஹெல்மெட்டைப் பழையதாக வாங்க வேண்டாம். உள்ளே விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது. பூட்ஸ் அளவு சரியாக இருந்தாலும், கயிறு மாட்டும் கொக்கி இருந்தால் வேண்டாம். குடைக் கயிறு அதில் சிக்கும். துளை வழியாகக் கயிறு கோக்கும் பூட்ஸ், கணுக்காலை நன்றாகப் பிடிப்பதாக, புதிதாக வாங்குங்கள்.

செவ்வாய்ப்பேட்டைத் தையல்காரர்

அருண், புதிய செட்டின் படங்கள் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். தையல் முனைகள், பட்டை ஓரங்கள், பக்கிளுக்கு அடியில் பட்டை மடங்கும் இடம். அந்த மடிப்பில் இழை பஞ்சுபோல எழும்பியிருந்தால் அது தேய்மானம். வெயிலில் வெளுத்த பட்டையைக் கண்டுபிடிக்க, பக்கிளுக்கு உள்ளே மறைந்திருக்கும் நிறத்தையும் வெளி நிறத்தையும் ஒப்பிட்டால் போதும். தொட்டுத் தைக்க மாட்டேன். பார்த்துச் சொல்வேன்.

அஸ்தம்பட்டி அருண்

கண்டிப்பாக ஐயா. மலர் அக்கா, பணம் கொடுப்பதற்கு முன் செட்டை ரிக்கரிடம் அனுப்பிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கிறார், ஆனால் கூலியை நான் கொடுக்க வேண்டும் என்கிறார். நியாயமா?

கோரிமேடு மலர்

நியாயம்தான், கொடுத்துவிடுங்கள். செட் உங்களுக்கு ஆகாது என்று ரிக்கர் சொன்னாலும் அந்தக் கூலி வீண் இல்லை. பேஸ் சாதனம் பழக்கமுள்ள ரிக்கராகப் பாருங்கள். ஸ்கைடைவிங் மட்டும் தெரிந்தவர் டெயில் கேட்டையும் பிரேக் குறியையும் கவனிக்காமல் விடலாம். நீங்கள் சேரப்போகும் வகுப்பின் ஆசிரியருக்கும் படங்களை முன்கூட்டியே அனுப்புங்கள். அவர் அதை ஏற்காவிட்டால் அங்கே போய்த்தான் தெரிய வேண்டும் என்ற நிலை வராது; பல இடங்களில் வகுப்புக்கு வாடகைச் செட்டும் கிடைக்கும், அதிலேயே முதல் குதிப்பை முடித்துவிட்டு நிதானமாக வாங்கலாம்.

குடையிலும் கன்டெய்னரிலும் சின்னத் துணிப்பட்டியில் வரிசை எண்ணும் தயாரித்த தேதியும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கொடுத்தால், எந்த அளவில் தைத்தது, யாருடைய உடல் அளவுக்குத் தைத்தது, பிறகு ஏதாவது திருத்த அறிவிப்பு வந்ததா என்று தயாரிப்பாளரிடம் கேட்கலாம். எண் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.